இரண்டு சுழி 'ன'

நாகர்கோவிலில் கல்யாண ஏற்பாட்டு நிறுவனம் நடத்தும் புஷ்பகலா மடிக்கணினியின் திரையைத் திறந்தாள். கல்யாணம் பற்றி ஊரார் நாளைக்கு இணையத்தில் என்னென்ன தேடப்போகிறார்கள் என்பதை அது இன்றைக்கே காட்டிவிடும், இதுவரை பொய்த்ததில்லை. மண்டபம், நாதஸ்வரம் என்று வழக்கமாக வருவதற்கு நடுவே, அவள் தெருவின் பெயரோடு ஒரு வரி இருந்தது.

'மகள் கல்யானம் நின்னுபோனா சொந்தக்காரங்ககிட்ட என்ன சொல்ல?'

கல்யாணத்துக்கு இரண்டு சுழி 'ன' போடுவது அவள்தான். மகள் அனிஷா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அடுத்த வாரம் மணமேடை ஏறவேண்டிய அந்த அனிஷா, சிரிப்பில்லாமல் கதவருகே வந்து நின்றாள்.

"எம்மா, ஒங்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

புஷ்பகலா திரையைப் படாரென்று மூடினாள்.

"இப்பம் வேண்டாம் மக்ளே." நாக்கு முந்திக்கொண்டது. "நாளைக்குச் சொல்லு."