மணத்தக்காளிச் சாறு

அப்பா சாற்றை வடிகட்டிக்கொண்டிருந்தார். அங்கயற்கண்ணி பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாடித் தொட்டியில் அவரே வளர்த்த மணத்தக்காளிக் கீரை. காலையும் மாலையும் அரைத்துக் குடிக்கிறார். இடது கன்னத்தில் படும்படி கொஞ்ச நேரம் ஒதுக்கி வைத்திருந்துதான் விழுங்குவார்.

அந்தக் கன்னத்தில்தான் புற்றுநோய்.

இன்று ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். நாளை ஆபரேஷன். இதற்கு மேல் தள்ளிப்போட்டால் கழுத்துக்கு இறங்கிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்பா இன்னும் சட்டைகூடப் போடவில்லை.

"கத்தியெல்லாம் எதுக்குத் தாயி? அதான் நீ கண்டுபிடிச்சது இருக்குல்ல."

இருக்கத்தான் செய்கிறது. அவருடைய ஷேர் ஆட்டோவில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால். 'புற்றுநோயைத் தடுக்கும் மணத்தக்காளி: மதுரை ஆய்வாளர் அங்கயற்கண்ணி சாதனை.' பேப்பரில் வந்ததை லேமினேட் செய்து ஒட்டியிருந்தார். பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஏறுகிறவர்கள் மாட்டுத்தாவணியில் இறங்குவதற்குள் மகளின் பெருமையைக் கேட்டே ஆக வேண்டும்.

தலைப்பில் 'எலிகளுக்கு' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டார்கள், பாவிகள்.

இத்தனை நாளும் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தாள். ம்ஹூம். அப்பா சிரித்துவிட்டுப் போய்விடுவார். மகள் தன்னடக்கமாகப் பேசுகிறாளாம்.

அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் எலிக்குத்தான் குடுத்தேன். அதுவும் கட்டி வர்றதுக்கு முன்னாடியே. அதுல சிலதுக்கு வரல. அம்புட்டுதான்."

"சரி."

"கட்டி வந்த எலிக்கும் குடுத்துப் பாத்தேன்ப்பா."

"என்னாச்சு?"

"ஒன்னும் கேக்கல. எல்லாம் செத்துப்போச்சு."

சொல்லிவிட்டாள். அவர் ஆட்டோ ஓட்டிப் படிக்க வைத்த படிப்பை அவர் முன்னாலேயே போட்டு உடைத்தாயிற்று.

அப்பா வடிகட்டிய சாற்றை டம்ளரில் ஊற்றினார்.

திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது.

"அப்ப, இது வராதவுகளுக்குத்தான்."

"ஆமாப்பா."

வாய் வைக்காத டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீ குடி."

"அப்பா, மனுசங்களுக்கு இது இன்னும்..."

"குடி தாயி."

எழுந்து போய்ச் சட்டையை மாட்டினார். துணிப்பையை எடுத்துக்கொண்டார். செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

கசப்பு. ஒரே மூச்சில் குடித்தாள்.

டம்ளரைக் கவிழ்த்துக் காட்டச் சொன்னார். பிறகுதான் படியிறங்கினார்.