குகைக்குள்ளேயே இருக்கும் காற்று

"நூத்தி எண்பது பக்கமும் படிச்சு முடிச்சிட்டேன் சார். காத்து இன்னும் குகைக்குள்ளயேதான் இருக்கு" என்று ஃபைலை மேஜைமேல் பொத்தென்று வைத்தாள் எடிட்டர்.

எதிரில் நின்றவருக்கு அந்தப் பதிப்பகத்தில் 'கமா சார்' என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக ப்ரூஃப் பார்க்கிறார். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தாலும் வாழ்த்துவதற்கு முன் சிவப்புப் பேனாவைத் தேடுகிற மனிதர்.

"பிழை ஏதாவது இருந்துதா மேடம்?"

"பிழையே இல்லை. அதுதான் என் வயித்தெரிச்சல்! ஒரு ஒற்றுகூட விட்டுப் போகலை."

எடிட்டர் இழுப்பறையைத் திறந்து இன்னொரு மெல்லிய கட்டை எடுத்தாள். ஓரமெல்லாம் பழுப்பேறியிருந்தது.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, உங்க ப்ரூஃப் கட்டுக்கு நடுவுல இந்த மூணு அத்தியாயம் சொருகியிருந்துச்சு. ஞாபகம் இருக்கா? பேர்கூடப் போடலை. இது யாருதுன்னு கேட்டதுக்கு உங்க முகம் அப்படியே செவந்து போச்சு."

"அப்படிச் சொருகியிருக்கக் கூடாது மேடம். ரொம்பத் தப்பு."

"தப்புதான். ஆனா அந்தத் தப்பாலதானே எனக்கு இது கிடைச்சுது? அன்னிக்கு நான் சாப்பிடவே மறந்துட்டேன். பதினாறு வயசுப் பொண்ணு. வாய்த்துடுக்கு. எடுத்தேன் கவிழ்த்தேன்னு ஒரு குணம். குகையைத் திறக்காதேன்னு ஊரே சொல்லுது. இவ சாவியைத் திருடித் திறந்துடுறா. உள்ள இருந்த காத்து மொத்தமும் ஊரைவிட்டே ஓடிப் போயிடுது. படகுப் பாயெல்லாம் தொங்கிப் போகுது, தம்பிக்கு மூச்சு முட்டுது. ஐயோ என்னாலதானேன்னு அழுதுகிட்டே மலையேறக் கிளம்புறா பாருங்க, அங்க முடியுது மூணாவது அத்தியாயம். ரெண்டு வருஷமா மீதியக் குடுங்க, மீதியக் குடுங்கன்னு உங்களை நச்சரிச்சதெல்லாம் அவளுக்காகத்தான்."

"அதான் முழுசாக் கொண்டு வந்துட்டேனே மேடம்."

"எங்க கொண்டு வந்தீங்க? இதுல குகையைத் திறக்காதேன்னு பெரியவங்க சொல்றாங்க. சரிங்கன்னு வீட்டுக்குப் போயிடுறா! அப்புறம் துணி மடிக்கிறா, பாத்திரம் கழுவுறா, எல்லாருக்கும் மரியாதை குடுக்குறா. கடைசிப் பக்கத்துல ஊரே கூடி நல்ல பொண்ணுன்னு சொல்லுது. யாருக்கு சார் வேணும் இந்த நல்ல பொண்ணு?"

கமா சாருக்குச் சுருக்கென்றது.

"நல்லவளா இருக்கறது குத்தமா மேடம்? பழையவளால எவ்வளவு பிரச்சினை..."

"வரட்டுமே! குறை இருந்தாத்தான் சார் தடுக்கி விழுவா. விழுந்தாத்தான் எழுந்துக்கக் கத்துப்பா. குகையைத் திறந்த அதே பிடிவாதம்தானே அவளை மலைமேல ஏத்தணும்? அதைப் பிடுங்கிட்டா அவ எப்படி வளருவா? மாயாஜாலக் கதையில பறக்குற குதிரை இல்லாட்டிக்கூடப் பரவாயில்லை. தப்பு பண்ற பிள்ளை இல்லாம நடக்காது."

அவர் ஃபைலின் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

"இந்தப் புத்தகம் எப்படியாவது வரணும் மேடம். அச்சுல பேரைப் பார்த்தா ஒரு சந்தோஷம் வரும்னுதான்..."

அவர் அப்படிக் கெஞ்சி எடிட்டர் பார்த்ததே இல்லை. குரலைத் தணித்துக்கொண்டாள்.

"எனக்கும் ஆசைதான் சார். பழைய பொண்ணைக் கூட்டிட்டு வாங்க, அடுத்த மாசமே அச்சுக்கு அனுப்புறேன். இவளை வெச்சுக்கிட்டு என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"கூட்டிட்டு வந்துடலாம் மேடம்" என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, இதென்ன பெரிய வேலை என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டார். ப்ரூஃபில் தவறுதலாகக் கோடு போட்டு அடித்துவிட்ட ஒரு சொல் மறுபடி வேண்டுமென்றால், அதன் கீழே வரிசையாகப் புள்ளி வைத்தால் போதும். சொல் உயிரோடு திரும்பி வந்துவிடும். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை ஆயிரம் முறை வைத்திருப்பார்! ஆனாலும் மனசு ஆறவில்லை.

வீடு அமைதியாக இருந்தது. முன்பெல்லாம் மகளின் கோபத்தில் உள்ளறைக் கதவு அறைபட்டு அறைபட்டுச் சுவரில் விழுந்திருந்த விரிசலை அவர்தான் பூசி வெள்ளையடித்தார். அதன் பிறகு அந்த வீட்டில் எந்தக் கதவும் அறைபட்டதில்லை.

மேஜையருகே உட்கார்ந்திருந்த மகள், அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள். போன மாதம்தான் பதினெட்டு முடிந்திருந்தது.

"உக்காரும்மா. உன் கதையைத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

"சரிப்பா."

ஏன் என்று ஒரு கேள்வி இல்லை. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. இரண்டு வருடத்துக்கு முன், தன்னைக் கேட்காமல் ஆபீஸ் ப்ரூஃப் கட்டுக்குள் மூன்று அத்தியாயத்தைச் சொருகிய குற்றத்துக்காக, இனிமேல் சொன்ன பேச்சைக் கேட்கிறேன் என்று அவள் அழுது கெஞ்சும்வரை ஏழு மாதம் அவளோடு ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர் அவர். பெண் தன் பேச்சை மீறினாள் என்று தெரிந்தால் மானம் போகும் என்று, எழுதியது தான்தான் என்று ஆபீஸ் நினைத்ததையும் அப்படியே விட்டுவிட்டார்.

"அவங்களுக்கு அந்தப் பழைய பொண்ணுதான் வேணுமாம் கண்ணு. பிடிவாதக்காரி, யார் பேச்சும் கேக்காதவ. அவளையே எழுதும்மா. உன் இஷ்டம்போல எழுது. அப்பா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

மகள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்து, தலைகுனிந்தபடியே கேட்டாள்.

"சரிப்பா. அவ எந்தெந்த இடத்துல பேச்சைக் கேக்கக் கூடாதுன்னு சொல்லுங்க, அப்படியே எழுதிடுறேன்."