ஆற்றங்கரைக்குப் போன மான்கள்

புள்ளிமான் கூட்டம் ஒன்றுக்கு ஒரு மந்திதான் காவல். உயரமான மரத்தில் உட்கார்ந்திருந்து, சிறுத்தை தலைகாட்டினால் குரல் கொடுக்கும். அந்தக் கோடையில் புல்லெல்லாம் கருகிவிடவே, ஆற்றங்கரைக்குப் போய்விடலாம் என்று தலைமான் முடிவெடுத்தது.

"மந்தியக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமே?" என்றது ஒரு பெண்மான்.

"மரத்தில் இருப்பவளுக்குப் புல்லைப் பற்றி என்ன தெரியும்? பிறகு சொல்லிக்கொள்ளலாம்," என்றது தலைமான்.

கரையில் புல் பசேலென்று இருந்தது. எல்லோரும் குனிந்து மேய்ந்துகொண்டிருந்தபோது நாணலுக்குள்ளிருந்து சிறுத்தை பாய்ந்தது. அந்தப் பெண்மானின் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

தலைமான் மூச்சிரைக்க ஓடிவந்து மந்தியிடம் நடந்ததைச் சொன்னது.

"கரையில் ஒரு மருதமரம் இருக்கிறது, தம்பி. சொல்லியிருந்தால் முந்தின நாளே போய் ஏறியிருப்பேன்," என்றது மந்தி. பிறகு கீழ்க்கிளைக்கு இறங்கி வந்தது. "நானும்தான் என்ன செய்தேன்? இன்னும் தூரம் தெரியட்டும் என்று கிளை கிளையாக மேலே ஏறிக்கொண்டே இருந்தேன். நாளைக்கு எங்கே மேயப் போகிறீர்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லையே!"

மறுநாள் மந்தி மருதமரத்தில் ஏறி அமர்ந்த பிறகே கூட்டம் கரையில் இறங்கியது. குட்டியை இழந்த தாய் மட்டும் வரவில்லை. போய் அழைக்கத் தலைமானுக்கு முகமில்லை.