பெடலை மிதித்தவன்

அக்கா தம்பியின் காலையே முறைத்துக்கொண்டிருந்தாள். பியானோவில் இரண்டு கையும் பறந்துகொண்டிருக்க, கண் மட்டும் அடிக்கடி இசைக்குறிப்பு தெரியும் டேப்லெட்டை விட்டிறங்கி அவனுடைய வலது காலுக்கு வந்து போனது. வயலினைத் தோளில் வைத்திருந்த தம்பிக்கு, ஷூவில் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று சந்தேகமே வந்துவிட்டது.

விஷயம் இடைவேளையில்தான் விளங்கியது. மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் தன் டேப்லெட்டை எடுத்துப் பார்த்தவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தான். திரையின் மூலையில் சின்னதாக ஒரு சங்கிலிக் குறி.

ஒத்திகையின்போது அவன்தான் இரண்டு டேப்லெட்டையும் செயலியில் கோத்துவிட்டிருந்தான். தரையில் கிடக்கும் பெடலை அவன் மிதித்தால் அவனுடைய இசைக்குறிப்பின் பக்கம் புரளும், அக்காவுடையதும் கூடவே புரளும். பழகும்வரைக்கும்தான் அந்த வசதி. கச்சேரியில் அவள் பெடலை அவளே மிதித்துக்கொள்வதாக ஏற்பாடு. கோத்ததைக் கழற்ற வேண்டிய மகராசன் மறந்து தொலைத்திருக்கிறான்.

போதாததற்கு, பக்கம் முடிய ஒரு வரி பாக்கி இருக்கும்போதே மிதித்துவிடும் அவசரக்காரன் அவன். அப்படியென்றால் முதல் பாதி முழுக்க, ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியையும் பார்க்காமலேதான் அக்கா வாசித்திருக்கிறாள். முறைக்காமல் என்ன செய்வாள்?

"எனக்குக் காகிதமே போதும்டா" என்று ஒத்திகைக்கு முன்பே அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். "காகிதத்தைத் தூக்கிட்டு வந்தா, பழைய ஆளுன்னு அரங்கத்து மேனேஜர் ஒதுக்கிடுவார்" என்று பயமுறுத்தி, டேப்லெட்டையும் பெடலையும் அவள் தலையில் கட்டியது இவன்தான்.

இரண்டு பிள்ளைகள் பிறந்தபின் அவள் மேடை ஏறுவது இதுதான் முதல் தடவை. இன்றைக்கு நன்றாக வாசித்தால் இந்த அரங்கத்திலேயே நிரந்தர வேலை. அதை முடிவுசெய்யப்போகும் மேனேஜர் மூன்றாவது வரிசையில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா உள்ளே வந்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"உன் காலுக்குக் கோயில் கட்டிக் கும்பிடணும்டா."

குத்திப் பேசுவதில் அவளை மிஞ்ச அந்தக் குடும்பத்தில் ஆளில்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"அக்கா, அது வந்து..."

"அப்புறம் பேசலாம். மேனேஜர் கூப்பிடறார்." முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெளியே மேனேஜரின் குரல் கேட்டது. "ரொம்ப நல்லா வாசிச்சீங்கம்மா. ரெண்டாவது பாதியும் இப்படியே போச்சுன்னா, வேலை உங்களுக்குத்தான்."

 தான் படுத்திய பாட்டையும் தாங்கிக்கொண்டு இப்படி வாசித்திருக்கிறாளே என்று தம்பிக்கு இருந்தது. ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். இந்த நேரத்தில் சொன்னால் அவளுக்குப் பதற்றமாகிவிடும் என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டான். உண்மையில் அவள் முன்னால் அசடு வழியத்தான் மனம் வரவில்லை.

திரையைத் தொட்டு இணைப்பைத் துண்டித்தான். சங்கிலிக் குறி மறைந்தது. செய்த பாவத்தில் பாதியாவது கழிந்ததென்று மூச்சு விட்டான்.

மணி அடித்தது. இரண்டாம் பாதியின் முதல் பாட்டே தலைதெறிக்கும் வேகம். முதல் பக்கம் முடியும் நேரத்தில் தம்பி வழக்கம்போல மிதித்தான்.

அடுத்த நொடி பியானோ தடுமாறியது. அக்கா திரையையே வெறித்தாள். பிறகு இடது கையை எடுத்துத் திரையில் பக்கத்தை அவசரமாகத் தள்ளினாள். தள்ளிய வேகத்தில் இரண்டு பக்கம் சேர்ந்து புரண்டது. அவள் பின்னால் தேடி வருவதற்குள் வயலின் எங்கேயோ போயிருந்தது. பாட்டு நடுவில் நின்றது. அரங்கத்தில் யாரோ இருமினார்கள்.

மறுபடி தொடங்கினார்கள். பக்கத்துக்குப் பக்கம் கையை எடுத்து, விட்ட இடத்தைப் பிடித்து, மறுபடி விட்டு, எப்படியோ கரை சேர்ந்தார்கள். கைதட்டல் ஒப்புக்கு வந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

முதல் பாதியில் தான் அவளை மிரள வைத்ததால்தான் இப்படி ஆயிற்று என்று தம்பிக்குச் சந்தேகமே இல்லை. பின்னறையில் அக்கா பைக்குள் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"எல்லாம் என்னாலதான்க்கா. முதல் பாதியில ரெண்டு டேப்லெட்டும் கோத்தபடியே இருந்துச்சு. நான் மிதிக்கிறப்பல்லாம் உன் பக்கமும் புரண்டிருக்கு. நீ பயந்துட்டே."

அக்கா டேப்லெட்டைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"இடைவேளையிலதான் பார்த்தேன். உடனே கழட்டி விட்டுட்டேன். உன்கிட்ட சொல்றதுக்குத்தான் வாய் வரலை."

பையில் இருந்த அவள் கை அப்படியே நின்றது.

"கழட்டினது நீயா?"

"ஆமாக்கா."

நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

"நான் தவிக்கிறதைப் பார்த்துட்டு நீயா கோத்து விட்டதா இல்ல நினைச்சேன்."

"என்னக்கா சொல்றே? தவிச்சியா?"

"என் பெடல் முதல் பக்கத்துலயே செத்துப்போச்சு. நீ மிதிச்சுத்தான்டா நான் வாசிச்சேன்."