பிரசவத்துக்குப் போகிறவள்

வாசலில் கார் வந்து நின்ற பிறகும் லேகிய டப்பாக்கள் வந்தபடி இருந்தன.

எல்லாம் சிதம்பரநாதன் சொன்ன பொய்க்கு வந்த மரியாதை.

பாரீஸில் இருக்கும் மகள் மதிவதனிக்கு இது மாசம், தன் தங்கை அஞ்சுகம் பிரசவம் பார்க்கப் போகிறாள், ஆறு மாதத்தில் திரும்பிவிடுவாள் என்று திருமலைராயன்பட்டினம் முழுக்க அவர் சொல்லி வைத்திருந்தார்.

மகள் வயிற்றில் பிள்ளை இல்லை. அஞ்சுகம் திரும்பப் போவதும் இல்லை.

சின்ன வயதில் தாலியறுத்து அண்ணன் வீட்டுக்கு வந்தவள், ஐம்பத்தாறு வயதில், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் ரொபேரோடு அங்கேயே வாழப் போகிறாள். புதுச்சேரியில் பதிவுத் திருமணம் முடிந்துவிட்டது. சிதம்பரநாதன் போகவில்லை.

அவளை அவர் தடுக்கவுமில்லை. தெருவுக்குத் தெரியக் கூடாது என்றார், அவ்வளவுதான். அவருடைய அப்பா நியாயம் பேசித் தீர்த்த தெரு. இந்த வீட்டுப் பெண் பேரன் எடுக்கிற வயதில் சர்ச்சுக்குப் போகிற ஒரு வேதக்காரரைக் கட்டிக்கொண்டாள் என்று அங்கே ஒரு வாயும் பேசக் கூடாது. புருஷனோடு இந்த வாசலை அவள் மிதிக்கவும் கூடாது.

அதற்கும் அஞ்சுகம் தலையாட்டினாள்.

பக்கத்து வீட்டு நஜீபா ஒரு துணி மூட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். “பழைய வேட்டிண்ணே. புதுத் துணின்னா பச்சப் புள்ளக்கி உறுத்தும். அந்தூருல இதுக்கு எங்க போறது?”

தெருவில் சிரிப்பு எழுந்தது. சிதம்பரநாதனும் லேசாகச் சிரித்தார். பொய் நன்றாகவே வேர் பிடித்திருந்தது.

பெட்டியைத் தூக்கிப் பார்த்த டிரைவர், இத்தனை கனத்தை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள் என்றான். அஞ்சுகம் உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாள். கொஞ்சத்தைக் குறைக்கலாமென்று சிதம்பரநாதனே குனிந்து பெட்டியைத் திறந்தார். ஒரு லேகிய டப்பா கையோடு வந்தது. லேகியத்தின் கனம் அதில் இல்லை.

மூடியைத் திருகினார்.

சுக்கு வாசனை வரவில்லை. செய்தித்தாளில் சுற்றிய சிவப்புக் கண்ணாடி வளையல்கள்.

அடுத்த டப்பாவில் குங்குமச் சிமிழ். அதற்கடுத்ததில் வெள்ளி மெட்டி. நஜீபாவின் மூட்டையில், பழைய வேட்டிக்கு நடுவே, அரக்கு நிறப் பட்டுப்புடவை.

நிமிர்ந்து பார்த்தார். வாசலில் நின்றவர்களில் ஒருவர் காரின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருத்தி முந்தானையைச் சரிசெய்தாள். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

மகளுக்கு மசக்கை அதிகமா, சாப்பாடு தங்குகிறதா என்று மாதக்கணக்கில் இவர்கள் அக்கறையாக விசாரித்ததும், தான் நின்று நிதானமாகப் பதில் சொன்னதும் அவருக்கு நினைவு வந்தன. காது சுட்டது.

அஞ்சுகம் வெளியே வந்தாள். திறந்து கிடந்த டப்பாவையும் அண்ணனையும் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

இனி மறைக்க எதுவும் இல்லை. நல்லா இரு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளும் அதற்குத்தான் நின்றாள்.

சிதம்பரநாதன் வளையல்களை உள்ளே வைத்து மூடியை இறுக்கித் திருகினார்.

“லேகியம் ஒழுகிடப் போவுது. நிமித்தி வை,” என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

“சரிண்ணே.”

அவள் ஏறிக்கொண்டாள். கார் காரைக்கால் சாலையில் திரும்பியது. ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

நஜீபா மட்டும் அருகில் வந்தாள். “கவலப்படாதீங்கண்ணே. புள்ள நல்லபடியாப் பொறக்கும்.”

அவள் முகத்தில் கேலியைத் தேடினார். துளியும் இல்லை. கேலியாக இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.

முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“அங்கல்லாம் முன்னாடியே சொல்லிடுறாங்கம்மா,” என்றார். “ஆம்பளப் புள்ளயாம்.”