முதுகுத் தையல்

பிள்ளை எங்கேனும் விழுந்தால் சாமி பிடித்துத் தூக்க வசதியாக, கினுயே தன் மகள் சாயோவின் கிமோனோ முதுகில் காப்புத் தையல் போட்டு, நூல் நுனியை நாலு விரல் நீளத்துக்குத் தொங்கவிட்டிருந்தாள். நேற்று சாயோ வாய்க்காலில் விழுந்து, நனைந்த கோழியாகத் தானே வீடு வந்து சேர்ந்தாள்.

இன்று காலை அந்த நூல் தொங்கவில்லை. வாய்க்கால் பக்கமாக விறைத்து நின்று பிள்ளையை இழுத்தது. கினுயே கத்தரிக்கோலை எடுத்தாள்.

"வெட்டாதம்மா! என்னைத் தூக்கிவிட்டுட்டு சாமி உள்ள விழுந்துடுச்சு. இதப் பிடிச்சுத்தான் ஏறுது."

"சாமிக்கு நீச்சல் தெரியாதாடி?" என்று சிரித்தபடி கணவன் தோகிச்சி மகளின் இடுப்பைப் பிடித்தான். சிரிப்பு நின்றது. "கினுயே, நீயும் வந்து பிடி. சாமி இவ்வளவு கனமாவா இருக்கும்?"

கினுயே கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு அவனைப் பிடித்தாள். மூவரும் வாய்க்கால் பக்கம் ஓரடி நகர்ந்தார்கள்.