கம்பளிக்கு அடியில்

ஊட்டி கமர்ஷியல் ரோட்டில் இருந்த அந்த ஹோட்டலை ஒரு வெள்ளைக்காரர் கட்டினார். சுதந்திரத்துக்குப் பிறகு ஏழுமலையின் அப்பா அதை வாங்கினார். ஆள் தங்கும் அறைகளில் சாயங்காலமே கம்பளிக்கு அடியில் வெந்நீர்ப் பை வைப்பது பாலாமணியின் வேலை. சில நாட்களில் பை வைக்காத படுக்கையும் சூடாக இருக்கும். பாலாமணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டாள். அந்த அறையில் சோப்பும் துண்டும் வைத்துவிடுவாள். மறுநாள் அங்கே தங்க யாராவது வருவார்கள். அப்பாவுக்குப் பின் ஹோட்டலை நடத்திய ஏழுமலை இதைக் கேட்டுச் சிரிப்பார்.

எழுபதுகளில் பஸ் ஸ்டாண்டு பக்கம் புது லாட்ஜுகள் வந்தன. அந்த மழைக்காலத்தில் ஹோட்டலுக்கு ஒருவரும் வரவில்லை. பாய்லரை நிறுத்தியாயிற்று. கட்டடத்தை இடித்துக் கடைகள் கட்டப்போகிறவர் திங்கட்கிழமை பத்திரத்தோடு வருவதாக இருந்தது. ஞாயிறு மாலை, கம்பளிகளை மூட்டை கட்டச் சொன்னார் ஏழுமலை.

மாடிக்குப் போன பாலாமணி வெறுங்கையோடு இறங்கி வந்தாள்.

“சூடா இருக்குதுங்க மொதலாளி.”

“எந்த ரூமு?”

“நீங்களே வந்து தொட்டுப் பாருங்க.”

ஏழுமலை ஒவ்வோர் அறையிலும் கம்பளிக்குள் கையை விட்டுப் பார்த்தார். உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த கடைசி அறைக்கும் போனார். அங்கே கம்பளிகூட இல்லாத மெத்தைகளும் வெதுவெதுப்பாக இருந்தன.

அவர் பாலாமணியிடம் திரும்பினார்.

“சோப்பு இருக்குதா?”

“இத்தன பேருக்குப் பத்தாதுங்க.”

ஏழுமலை குடையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.